நேரமில்லாத இருவாச்சியும் வெயில் கோடும்

ஒரு காட்டில் மூச்சு விடக்கூட நேரமில்லாத ஒரு பறவை இருந்தது. அப்படி யார் சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? அதுவேதான் சொன்னது. வழியில் பார்க்கிற எல்லோரையும் நிறுத்தி, கிளையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, விரிவாகச் சொன்னது.

அது ஓர் இருவாச்சி. பெயர் கொம்பையா. பெரிய மஞ்சள் அலகு, அதற்கு மேலே கொம்பு போல இன்னொன்று. அது பறந்தால் இறக்கைச் சத்தம் மலைச்சரிவு முழுக்கக் கேட்கும். காட்டில் யாருக்கு என்ன தகராறு என்றாலும், "கொம்பையா அண்ணாச்சியைக் கூப்பிடு" என்பார்கள். கூப்பிட்டால் போதும், அது போய்விடும். போகாமல் இருக்க அதற்குத் தெரியாது.

அதன் மனைவி பூவாயி அப்போது பொந்துக்குள் இருந்தது. இருவாச்சிக் குடும்பத்து வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை உயரமான ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈர மண்ணையும் பழச் சக்கையையும் குழைத்து, பொந்தின் வாயை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். ஓர் அலகு நுழையும் அளவுக்கு நெடுக ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். பாம்பும் மரநாயும் உள்ளே வரக் கூடாது அல்லவா? குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும்.

கொம்பையாவும் ஊட்டியது. ஆனால் குஞ்சு பொரித்ததும் கதை மாறிவிட்டது. ஒரு வாய் இருந்த இடத்தில் இப்போது இரண்டு வாய். அதிலும் அந்தப் புது வாய் மூடவே மூடாது.

"என்னங்க, இன்னிக்கு மூணே மூணு தடவைதான் வந்திருக்கீங்க," என்றது பூவாயி ஒரு மாலையில். "பிள்ளைக்குக் கொடுத்தது போக எனக்கு ஒரு பழம்கூட மிஞ்சலை."

"நான் என்ன சும்மாவா இருக்கேன்?" என்று கொம்பையாவுக்குக் கோபம் வந்தது. "விடிஞ்சதிலிருந்து அலையுறேன். இறக்கை ரெண்டும் கழண்டு விழுற மாதிரி வலிக்குது. மூச்சு விட நேரமில்லை, பூவாயி!"

பூவாயிக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. கணவனின் இறக்கை நடுங்குவதைக் கீறல் வழியாக அதுவும் பார்த்தது. ஆனாலும் பசி பசிதானே.

"இன்னும் நாலு நாள் பார்ப்பேன்," என்றது அது. "அதுக்கு மேலே என்னால தாங்க முடியாது. சுவரை உடைச்சுக்கிட்டு வெளியே வந்து நானே பழம் தேடிக்கிறேன்."

"ஐயோ! பிள்ளை?"

"தனியாத்தான் கிடக்கும். வேற என்ன செய்ய?"

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறகு முளைக்காத குஞ்சு, திறந்த பொந்தில், தனியாக! அன்று அதற்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் கொம்பையா ஒரு முடிவு செய்தது. என்ன முடிவு? வேகமாகப் பறப்பது! ஆற்றங்கரை அத்தி மரத்துக்கு விழுந்தடித்துக்கொண்டு போனது. விழுந்தடித்துக்கொண்டு வந்தது. கிளைகளில் இடித்துக்கொண்டது. வால் இறகு ஒன்றை முள்ளில் பறிகொடுத்தது. மாலையில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது பூவாயி கேட்டது:

"இன்னிக்கு எத்தனை தடவை வந்தீங்க, தெரியுமா?"

"பத்து இருக்குமா?"

"மூணு."

"இருக்கவே இருக்காது! யாரோ என் நேரத்தைத் திருடுறாங்க!"

கொம்பையா இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தது.

பூவாயிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொந்துக்குள் அடைந்து கிடக்கிறவர்களுக்கு யோசிக்க நேரம் நிறைய உண்டு. அது வெகுநேரம் யோசித்தது.

விடிந்ததும் கொம்பையா கிளம்பும்போது பூவாயி கொஞ்சலாகக் கூப்பிட்டது.

"என்னங்க, எனக்கு ஒரு ஆசை."

"சீக்கிரம் சொல்லு, நேரமாகுது."

"நான் காட்டைப் பார்த்து அம்பது நாளைக்கு மேலே ஆச்சு. இன்னிக்கு நீங்க எந்தெந்த மரத்தில் உட்கார்றீங்களோ, அந்தந்த மரத்திலிருந்து ஒரு இலையோ பூவோ பறிச்சுக்கிட்டு வாங்களேன். அதைப் பார்த்தா நானும் உங்ககூடச் சுத்தி வந்த மாதிரி இருக்கும்."

"இவ்வளவுதானா!" என்று கொம்பையா குளிர்ந்துபோனது. "நான்தான் எங்கேயும் உட்கார்றதே இல்லையே! சரி, சரி, கொண்டு வர்றேன்."

அது இறக்கையை விரித்து அத்தி மரத்தை நோக்கிப் பறந்தது.

முருக்க மரம் சிவக்கச் சிவக்கப் பூத்து நின்றது. அதில் மைனாக்கள். மைனாக்களுக்கு ஒரே வேலைதான், பேச்சு.

"அண்ணாச்சி! அண்ணாச்சி! ஓடுறீங்களே, என்ன விசேஷம்?"

"பேச நேரமில்லை, நேரமில்லை," என்று சொல்லிக்கொண்டே கொம்பையா கிளையில் இறங்கியது. ஏன் நேரமில்லை என்று விளக்கத் தொடங்கியது. அத்தி மரம் எவ்வளவு தூரம், குஞ்சு எவ்வளவு சாப்பிடுகிறது, வால் இறகு எந்த முள்ளில் போனது, எல்லாம் சொன்னது. மைனாக்கள் "அடடா, அடடா" என்றன. கிளம்பும்போது நினைவு வந்து ஒரு முருக்கம்பூவைப் பறித்துக்கொண்டது.

கொஞ்ச தூரத்தில் ஒரு கூந்தல்பனை. அதில் ஒரு மரநாய் குடியிருந்தது. அது இனிமையாகப் பேசும். தேனில் ஊறவைத்த நாக்கு என்று காட்டில் சொல்வார்கள்.

"அண்ணாச்சி, வணக்கம்," என்றது மரநாய். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. கொட்டாவியைக் காலால் மறைத்துக்கொண்டது. "அந்தக் கழுகை விரட்டினீங்களே, அந்தக் கதையை இன்னொரு தடவை கேட்கணும்னு மனசு அடிச்சுக்குது."

"நேத்துதானே சொன்னேன்?"

"நேத்து நடுவில் ஒரு இடம் விட்டுப்போச்சு, அண்ணாச்சி. கழுகு பயந்து நடுங்கிச்சே, அந்த இடம்."

அந்த இடம் கொம்பையாவுக்கும் மிகவும் பிடித்த இடம். அது பனையில் உட்கார்ந்தது. கதை உண்மையில் நடந்தபோது ஒரு கழுகு. முதல் முறை சொன்னபோது இரண்டு கழுகு. இப்போது ஐந்து கழுகாகி, அதில் ஒன்றுக்கு ஒரு கண் வேறு போயிருந்தது. சொல்லி முடித்து, ஓலைக் கீற்று ஒன்றைக் கிள்ளிக்கொண்டு கொம்பையா பறந்தது.

இப்படித்தான் அன்று முழுக்க நடந்தது. நாவல் மரத்தில் இரண்டு கருங்குரங்குகள் ஒரு கிளைக்குச் சண்டை போட்டன. கொம்பையா நின்று தீர்ப்புச் சொன்னது. இலவ மரத்தில் மலை அணில் கூடு கட்டிக்கொண்டிருந்தது. "வாசலை இந்தப் பக்கம் வைக்கவா, அந்தப் பக்கம் வைக்கவா?" என்று கேட்டது. கொம்பையா இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, "முதலில் எந்தப் பக்கம் நினைச்சியோ அந்தப் பக்கமே வை" என்றது. போகும்போதும் வரும்போதும் கூந்தல்பனையிலிருந்து, "அண்ணாச்சி!" என்று ஒரு குரல். ஒவ்வொரு முறையும் தொண்டைப் பையில் பழத்தோடு அலகு நுனியில் ஓர் இலையோ பூவோ வந்துசேர்ந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் கொம்பையாவைக் குறை சொல்ல முடியாது.

மாலையில் அது கீறல் முன்னே வந்து உட்கார்ந்தது.

"எப்படி? காட்டையே கொண்டுவந்துட்டேன் பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்களும் பாருங்க. கீறலில் கண்ணை வைங்க."

கொம்பையா கண்ணை வைத்துப் பார்த்தது. பொந்தின் உள்சுவரில் மரத்தின் வரிகள் மேடும் பள்ளமுமாக ஓடின. அந்தப் பள்ளங்களில் இலையும் பூவும் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. சாயும் வெயில் கீறல் வழியாக உள்ளே விழுந்து, கடைசி வரியின் மேல் ஒரு மெல்லிய கோடாக நின்றது.

"இந்த வெயில் கோடுதான் எனக்குப் பேச்சுத்துணை," என்றது பூவாயி. "காலையில் அந்தக் கோடியில் ஆரம்பிக்கும். சாயங்காலம் இந்தக் கோடிக்கு வந்துடும். நடுவில் எட்டு பள்ளம் தாண்டணும். நான் முட்டைமேல உட்கார்ந்திருந்தப்போ நீங்க அத்தி மரத்துக்குப் போயிட்டு வருவீங்களே, ஞாபகம் இருக்கா? கோடு ஒரு பள்ளம் தாண்டுறதுக்குள்ள வந்து நிப்பீங்க."

"ஆமா, அப்பல்லாம் எனக்கு நேரம் இருந்துச்சு."

"இன்னிக்கும் எட்டு பள்ளம்தான் இருந்துச்சு. வெயில் ஒண்ணையும் குறைச்சுக்கலை." பூவாயி அலகால் சுவரைத் தொட்டது. "காலையில் முதல் தடவை வந்தப்போ கோடு மூணு பள்ளம் தாண்டியிருந்துச்சு. ஒண்ணு அத்தி மரத்துக்கு. மிச்சம் ரெண்டும் இந்த முருக்கம்பூவுக்கும் இந்தக் கீற்றுக்கும்."

"மைனாக்கிட்ட ஒரு நொடிதான் நின்னேன்!"

"ஒரு நொடியில் கோடு ஒரு பள்ளம் தாண்டிச்சா?"

பூவாயி கோபமாகக் கேட்டிருந்தால் கொம்பையாவும் கோபப்பட்டிருக்கலாம். பூவாயியோ சாதாரணமாகத்தான் கேட்டது. கொம்பையா மறுபடி கண்ணை வைத்து, தானே எண்ணிப் பார்த்தது. அத்தி மரத்துக்கு மூன்று பள்ளம். மற்றதற்கெல்லாம் ஐந்து. திருடனைத் தேடிக் காடெல்லாம் சுற்றிய பார்வை இப்போது தன் இறக்கையின் மேலேயே வந்து நின்றது. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. பசித்த குஞ்சு கீறலில் தெரிந்த கண்ணையே பழம் என்று நினைத்து வாயைத் திறந்தது. கொம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"முருக்கம்பூ ரெண்டு," என்று பூவாயி எண்ணியது. "நாவல் இலை ஒண்ணு. இலவம்பூ ஒண்ணு. இந்தக் கீற்றுதான் புரியலை. மூணு இருக்கே, இது யார் வீடு?"

"அது கூந்தல்பனை. மரநாய் இருக்குல்ல, அதோட மரம். தங்கமான பிள்ளை, பூவாயி. நான் போகும்போதும் வரும்போதும் எனக்காகக் காத்துக்கிட்டே இருக்கும்."

"பகல்லயா?"

"பகல்லதான்."

"மரநாய் ராத்திரியில் அலையும். பகல் பூரா தூங்கும். நமக்கெல்லாம் அது தெரியும். இது எதுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு மூணு தடவை உங்க கழுகுக் கதையைக் கேட்குது?"

கொம்பையா தலையைச் சாய்த்து அந்த மூன்று கீற்றையும் மறுபடி பார்த்தது.

"நான் சுவரை உடைக்கப் போறேன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று பூவாயி மெல்லக் கேட்டது.

"அது... அதுகிட்டதான். நேத்து மனசு பொறுக்காம சொன்னேன். 'நாலு நாள்தானே அண்ணாச்சி, கவலைப்படாதீங்க'ன்னு ரொம்ப ஆறுதலா..."

சொல்லச் சொல்லவே அதற்கு விளங்கிவிட்டது. கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து நின்றது.

"இப்பவே போய் அந்தப் பனையையே பிடுங்கி..."

"வேண்டாம்," என்றது பூவாயி. "அதுக்கும் ஒரு பள்ளம் போயிடும். நாளைக்கு அத்தி மரத்துக்குப் போயிட்டு நேரா வாங்க. அது போதும். ஏழு தடவை வாங்க. கடைசிப் பள்ளம் உங்களுக்கு. மைனாவோட பேசுங்க, தீர்ப்புச் சொல்லுங்க, என்ன வேணும்னாலும் செய்யுங்க."

மூன்றாம் நாள் கொம்பையா கிளம்பியது. முருக்க மரம் வந்தது.

"அண்ணாச்சி! ஒரு விசேஷம்! கேட்டா ஆடிப்போயிடுவீங்க!"

அது என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்ள கொம்பையாவின் இறக்கை தானாகச் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டது என்று சொல்லலாம், இருவாச்சிக்குப் பல் இருந்தால். "சாயங்காலம் வந்து ஆடிப்போறேன்!" என்று கத்திக்கொண்டே பறந்தது.

நாவல் மரத்துக் குரங்குகள், "அண்ணாச்சி, தீர்ப்பு!" என்றன.

"சாயங்காலம்!"

"சாயங்காலம் வரைக்கும் யாரு சண்டை போடுறது?" என்று சலித்துக்கொண்டு குரங்குகள் ஆளுக்கொரு கிளையில் ஏறிக்கொண்டன. மலை அணில் வாசலை நினைத்த பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. கூந்தல்பனையிலிருந்து தேன்குரல் கூப்பிட்டது.

"அண்ணாச்சி, அந்த அஞ்சு கழுகு..."

"ஒரே கழுகுதான், தம்பி!" என்றது கொம்பையா, நிற்காமல். "நீ போய்த் தூங்கு. கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி இருக்கு!"

அன்று அத்திப்பழம் ஏழு முறை வந்தது. குஞ்சு சாப்பிட்டது. பூவாயி சாப்பிட்டது. குஞ்சு மறுபடியும் சாப்பிட்டுவிட்டு, பொரித்த நாளிலிருந்து முதன்முறையாக வாயை மூடியது. எட்டாவது பள்ளத்தில் கொம்பையா முருக்க மரத்துக்குப் போய்ப் பேசித் தீர்த்தது. விசேஷம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் அவசரமில்லாமல் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் விடியும்போதே மரநாய் பூவாயியின் மரத்துக்கு எதிர் மரத்தில் வந்து உட்கார்ந்தது. முந்தைய நாள் கொம்பையா ஏன் நிற்காமல் போனது என்று அது யோசித்துப் பார்த்தது. மனைவியின் பேச்சு பொறுக்காமல் எங்கோ பைத்தியம் மாதிரி ஓடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "இன்னிக்குச் சுவர் உடையும். தாய் வெளியே போகும். நான் உள்ளே போவேன்," என்று நாக்கைச் சப்புக்கொட்டியது.

சுவர் உடையவில்லை. கொம்பையா வந்தது, ஊட்டியது, போனது. மறுபடி வந்தது, ஊட்டியது, போனது. கீறலிலிருந்து பழத்தோலும் கொட்டையும் பொலபொலவென்று கீழே உதிர்ந்தன. மரநாய் ஒன்று எண்ணியது, இரண்டு எண்ணியது, மூன்று எண்ணியது. பகலில் தூங்க வேண்டிய பிராணி பல நாளாகத் தூங்கவில்லை. நான்கு எண்ணும்போது தலை தொங்கியது. ஐந்தாவதை அது பார்க்கவே இல்லை. கிளையில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு குறட்டை விட்டது.

ஏழாவது முறை ஊட்டி முடித்த கொம்பையா திரும்பிப் பார்த்தது. எதிர்க் கிளையில் வால் ஆடிக்கொண்டிருந்தது.

"பூவாயி, என் கடைசிப் பள்ளம் மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு. உங்க இஷ்டம்."

கொம்பையா ஓசையில்லாமல் பக்கத்துக் கிளைக்குத் தாவியது. மரநாயின் காதருகே அலகை வைத்தது. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, காடே அதிரும்படி ஒரு குரல் கொடுத்தது.

"தம்பீ! கழுகுக் கதை கேட்கிறியா?"

மரநாய் எகிறியது. கிளை வழுக்கியது. நேரே கீழே விழுந்தது. கீழே இருந்தது செந்தட்டிப் புதர். செந்தட்டி இலை உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று மலையில் இருக்கிறவர்களைக் கேளுங்கள். மரநாய் முதுகைச் சொறிந்தது, வயிற்றைச் சொறிந்தது, வாலைச் சொறிந்தது, சொறிந்துகொண்டே நான்கு மலை தாண்டி ஓடிப்போனது. கூந்தல்பனை அதன்பின் காலியாகவே கிடந்தது.

சில வாரம் கழித்து, குஞ்சுக்கு இறகு முளைத்து, பறக்கும் பருவம் வந்தபோது, உடைக்க வேண்டிய நாளில் பூவாயி சுவரை உடைத்தது. இறக்கையை விரித்து வெயிலில் உதறியது. கொழுத்த குஞ்சும் தடுமாறிக்கொண்டு பின்னால் வந்தது. மூன்றும் அத்தி மரத்துக்குப் புறப்பட்டன.

முருக்க மரத்தில் மைனாக்கள் காத்திருந்தன.

"பூவாயி அக்கா! எத்தனை நாளாச்சு பார்த்து! வாங்க, ஒரு நொடி உட்காருங்க."

"ஒரு நொடிதான்," என்று பூவாயி உட்கார்ந்தது. மூன்று மாதக் கதை அல்லவா? பொந்து எப்படி இருந்தது என்று கேட்டன, சொன்னது. மரநாய் எப்படி விழுந்தது என்று கேட்டன, இரண்டு முறை சொன்னது. மர நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. குஞ்சு பசியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

உச்சிக் கிளையில் அந்தப் பருவத்தின் கடைசிப் பூ ஒன்று மிச்சமிருந்தது. கொம்பையா அதைப் பறித்துவந்து பூவாயியின் முன்னால் வைத்தது.

பூவாயி பூவைப் பார்த்தது. கணவனைப் பார்த்தது. இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

"சாயங்காலம் வர்றேன்டி!" என்று மைனாக்களிடம் சொல்லிவிட்டு, பூவை அலகில் கவ்விக்கொண்டு பூவாயி அத்தி மரத்தை நோக்கிப் பறந்தது.

நீதி: நேரம் போதவில்லை என்று புலம்பும் முன், இருந்த நேரம் எங்கெங்கே போனது என்று எண்ணிப் பார்.